சுருதி சேர்த்தவள்

அவள் வயலினைச் சுருதி சேர்த்து முடிக்க இருபது நிமிடம் ஆகும். அவசரமென்றால் இருபத்தைந்து. இதை நான் ஊரெல்லாம் வேடிக்கையாகச் சொல்லித் திரிந்த காலம் ஒன்று உண்டு. பாடகர் குழுவில் எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், ஆனால் முறுக்காணியிலிருந்து கையை எடுக்கமாட்டாள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலில் பாடகர் குழுவுக்குத் தலைவன் நான். கீபோர்ட் வாசிப்பவனும் நான்தான். தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் உத்தியோகம். அவளோ தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் மேல் லயத்துப் பிள்ளை. அப்போது அவளுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். அப்பா இல்லை. அம்மா கொழுந்தெடுக்கிறவர். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியையாகச் சங்கீதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பெயரை எழுதப் போவதில்லை. யாராவது படித்துவிட்டு அவளைத் தேடிப் போய் அனுதாபம் சொல்லக்கூடும். அனுதாபம் அவளுக்கு அறவே ஆகாது.

முதலில் இசைக்கவையை முழங்காலில் ஒரு தட்டுத் தட்டுவாள். அதன் காம்பை வயலினின் உடம்பில் ஊன்றுவாள். பலகை முழுக்க அந்த ஒற்றைச் சத்தம் எழும். நானூற்று நாற்பது என்று அந்தக் கவையில் குத்தியிருந்தது, ஒரு நொடிக்கு அத்தனை அதிர்வாம். அந்தச் சத்தத்துக்கு இரண்டாவது தந்தியைக் கொண்டுவருவாள். நேராகக் கொண்டுவரமாட்டாள். வேண்டுமென்றே தளர்த்தி இறக்கிவிட்டு, அங்கிருந்து மெதுவாக ஏற்றுவாள்.

"கீழருந்து ஏறி வரணும்ணே. மேலருந்து எறங்கி வந்து நின்னா அது நிக்காது. பாதிப் பாட்டுல கால வாரிரும்."

பிறகு பக்கத்துத் தந்தியையும் சேர்த்து வில்லை இழுப்பாள். இரண்டு தந்தியும் ஒத்துப்போகாத வரைக்கும் அந்தச் சத்தத்துக்குள் ஓர் அலை அடிக்குமாம். ஒத்துவர ஒத்துவர அலை மெதுவாகி, கடைசியில் அடங்கிவிடுமாம். "இப்ப கேக்குதா? இப்ப நின்னிருச்சு பாருங்க" என்பாள். எனக்கு ஒன்றும் கேட்காது. கேட்கிறது என்பேன்.

நான்கு தந்தியும் முடிந்ததும் எங்களுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் நாலாவதை முறுக்கியதில் தந்திகளைத் தாங்கும் குதிரை கொஞ்சம் அழுந்தி, முதலில் சேர்த்த தந்தி இறங்கியிருக்கும். மறுபடியும் ஆரம்பத்துக்குப் போவாள். அப்படி மூன்று சுற்று. "போதும் பிள்ள, கிட்டத்தட்ட சரியாத்தானே இருக்கு" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"கிட்டத்தட்ட சரின்னா சரியில்லன்னுதானேண்ணே அர்த்தம்."

அவள் என்னை அண்ணே என்றது எனக்குப் பிடிக்கவில்லை. லயத்தில் எல்லோருக்கும் நான் கிளாக்கர் ஐயா. என் அப்பா வேலையாட்களை மேற்பார்த்த கண்டாக்கையாவாக இருந்தவர். கோயிலுக்குள் எல்லோரும் சகோதரர்கள்தான், நானே ஜெபக்கூட்டத்தில் அப்படிப் பேசியிருக்கிறேன். ஆனாலும் அவள் அண்ணே என்று சொல்லும்போதெல்லாம் உள்ளே ஒரு சிறு முள் குத்தும். இதையும் சொல்லிவிடத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நான் செய்தது ஏதோ தவறுதலாக நடந்தது என்று நினைத்துவிடுவீர்கள்.

நுவரெலியாவில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் விடுதியில் இருந்து உயர்தரம் படித்தவள். அங்கே இருந்த ஒரு வயதான சிஸ்டர் வயலினையும் இசைக்கவையையும் அவளுக்கே கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம். எங்கள் மலையில் வயலின் வைத்திருப்பது கைக்குழந்தையை வைத்திருப்பது மாதிரி. மழைக்காலத்தில் மரம் ஊதி முறுக்காணி இறுகிக்கொள்ளும், அசைக்க முடியாது. தை, மாசி மாதத்துப் பனி வெயிலில் மரம் வற்றி, முறுக்காணி தானாகவே கழன்று சுற்றும். அதற்குப் பள்ளிக்கூடத்து வெண்கட்டித் தூள் தேய்ப்பாள். பெட்டியை அம்மாவின் பழைய கம்பளியில் சுற்றிக் கொண்டுவருவாள். அந்தக் கம்பளி நனைந்து வந்த நாட்களில்கூடப் பெட்டி நனைந்து நான் பார்த்ததில்லை.

அவள் காது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒருநாள் ஆபீசுக்கு ஏதோ கடிதத்தில் முத்திரை வாங்க வந்திருந்தாள். அந்த நேரம் தொழிற்சாலைச் சங்கு ஊதியது. "என்னாண்ணே, சங்கு இன்னிக்கி அர ஸ்வரம் எறங்கி ஊதுது? கரண்டு கம்மியா?" என்றாள். நான் சிரித்துவிட்டு மேசைக்கு மேலே பார்த்தேன். பல்பு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. சற்று நேரத்தில் தொழிற்சாலையிலிருந்து ஆள் வந்து, மின்சாரம் சரியாக வரவில்லை, ரோலர் சுற்றமாட்டேன் என்கிறது என்று சொன்னார்.

இன்னொரு முறை அவளுடைய இசைக்கவை காணாமல் போய்விட்டது. பக்கத்து மகா வித்தியாலயத்து விஞ்ஞான மாஸ்டர் இரக்கப்பட்டு ஆய்வுகூடத்திலிருந்து ஒரு கவையைக் கொண்டுவந்து கொடுத்தார். தட்டிப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது. "சேர், இது பாடம் நடத்துறதுக்கு செஞ்சது. கணக்கு சுலபமா வரணும்னு கொறச்சி வச்சிருக்காங்க. பாட்டுக்கு ஆகாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவர் உதவி செய்ய வந்த மனுஷன். பத்துப் பேருக்கு முன்னால் கையில் கவையோடு நின்றார். அவள் சொன்னது சரி என்று பிறகு அவரே புத்தகத்தைப் பார்த்து எனக்குச் சொன்னார். ஆனால் அதன் பிறகு அவளோடு பேசவில்லை. அவளுடைய கவை அந்த வாரமே பாட்டுப் புத்தகங்களுக்கு அடியிலிருந்து கிடைத்தது.

சரியாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தாள். அதுதான் அவளுடைய பைத்தியம்.

ஒரு பெரியவரின் அடக்கம். சேமக்காலையில் குழி வெட்டித் தயாராக இருக்கிறது, தூறல் விழுகிறது, சவப்பெட்டியை இறக்க வேண்டும். கடைசிப் பாட்டுக்கு அவள் வயலினை எடுத்தாள். ஈரத்தில் தந்தி இறங்கியிருந்தது. எல்லோரும் குடையோடு நிற்க, அவள் சுருதி சேர்த்துக்கொண்டு நின்றாள். செத்தவரின் மகன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டான்.

"இது என்னா கச்சேரியா? பொணத்த வச்சிக்கிட்டு வெளயாடுறியா?"

அவள் தலை நிமிரவில்லை. "ஒங்கப்பாவுக்கு இதுதானேண்ணே கடைசிப் பாட்டு. தப்பாக் கேட்டுட்டுப் போகணுமா அவரு?" என்றாள். அந்த மகன் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டான். அவள் வாசித்தபோது அழாதவர்கள் யாரும் இல்லை. ஆனால் மறுநாள் லயத்துக் குழாயடியில் பேசப்பட்டது, பிணத்தை மழையில் காக்கவைத்தாள் என்பது மட்டும்தான். திமிர் பிடித்தவள் என்ற பெயர் அங்கேதான் கெட்டியானது.

நான் அந்தப் பெயரை மறுக்கவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

அந்த வருடம் மடத்துப் பள்ளிக்கூடத்தில் வயலின் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியை வேண்டுமென்று தெரியவந்தது. தங்க இடமும் உண்டு. அவளுக்கென்றே செய்துவைத்த வேலை. ஆனால் அவளை அறிந்த சிஸ்டர் அங்கே இல்லை. புதிதாக வந்திருந்த தலைமைச் சிஸ்டர் பங்குத்தந்தையிடமிருந்து நற்சான்றுக் கடிதம் கேட்டார். எங்கள் ஃபாதர் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். "திருவிழா முடியட்டும் பிள்ள. நல்லா எழுதித் தாறேன்" என்றார். அவளுடைய அம்மா என்னிடம் வந்து, "ஐயா, இந்த வேல கெடச்சிட்டா எம்பிள்ள கொழுந்தெடுக்கப் பெரட்டுக்கு நிக்காமத் தப்பிச்சிரும்" என்று கைகூப்பினார். நானும் ஆகட்டும் என்றேன்.

திருவிழாவுக்கு ஆயர் வருவதாக இருந்தது. ஃபாதரே ஒரு காணிக்கைப் பாடல் எழுதி மெட்டுப் போட்டிருந்தார். அதன் ஆரம்பத்தில் வயலின் மட்டும் தனியாக வரும். அந்த இடத்தை அவள் வாசிக்கக் கேட்டுக் கேட்டு ஃபாதருக்குத் தலைகால் புரியவில்லை.

திருவிழாவுக்கு முந்திய வாரம் அவளுடைய அம்மா மலையில் வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். அவள் ஒத்திகைக்கு வரவில்லை. அந்த வாரம் இளைஞர்கள் நன்றிப் பாடலுக்கு என்று போனில் ஒரு பின்னணி இசையை இறக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்கும் என் கீபோர்டுக்கும் ஒத்துவரவில்லை. அது ஒரு நூல் மேலே இருந்தது. கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்க ஓர் இடம் உண்டு. பொத்தானை அழுத்தி, ஒத்துவரும் வரைக்கும் ஏற்றினேன். ஒத்திகை முடிந்து வீட்டுக்குப் போய்விட்டேன். அணைத்துவிட்டால் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேனா, அல்லது நினைக்கவே இல்லையா என்று இப்போது தெரியவில்லை. அது அணைத்தாலும் மறக்காத ரகம்.

அந்தக் கீபோர்ட் ஜப்பான் சாமான். என் மச்சான் கட்டாரிலிருந்து அனுப்பிக் கோயிலுக்குக் கொடுத்தது. அதன் மேல் ஒரு தூசு விழ விடமாட்டேன்.

திருவிழா அன்று காலை பனி. அவள் பீடத்துக்குப் பின்னால் உள்ள அறையில் இசைக்கவையை வைத்துச் சுருதி சேர்த்துக்கொண்டு, ஆயர் நுழையும் நேரத்துக்குத்தான் வந்து உட்கார்ந்தாள். வருகைப் பாடல் ஆரம்பித்தது. இரண்டு வரி போவதற்குள் வில்லை இறக்கிவிட்டாள். எனக்கே கேட்டது, ஏதோ பல் கூசுகிற மாதிரி. நான் நிறுத்தாமல் வாசித்தேன்.

முதல் வாசகம் நடக்கும்போது என் பக்கம் குனிந்தாள்.

"அண்ணே, ஒங்க கீபோர்ட் பெட்டி ஏறி இருக்கு."

"ஒன்னோடத ஏத்து."

"ஏத்துறேண்ணே. ஆனா ஒரு தடவ பெட்டியப் பாத்திருங்க. செக்கனுக்கு ஆறு அலை அடிக்குது. யாராச்சும் கைய வச்சிருப்பாங்க. நீங்க பாத்துட்டு இதுதான் சரின்னு சொல்லிட்டா, நான் ஏத்திக்கிறேன்."

அவ்வளவுதான் அவள் கேட்டது. ஒரு பொத்தானை அழுத்திப் பார்க்கச் சொன்னாள். கையை வைத்தது நானேதான் என்று அந்த நிமிடம் எனக்குச் சத்தியமாக ஞாபகம் வரவில்லை. ஆனால் ஞாபகம் வராததை நான் சாக்காகச் சொல்லமாட்டேன். பின்வரிசையில் பிள்ளைகள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

"லயத்துக் காத வச்சிக்கிட்டு ஜப்பான் பெட்டிக்குப் பாடம் நடத்தாத."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை, கீபோர்டைப் பார்த்தாள். பிறகு வில்லைத் தளர்த்தி, வயலினைப் பெட்டியில் வைத்து, கொளுக்கியைப் போட்டாள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

காணிக்கைப் பாடல் வந்தது. ஃபாதர் பீடத்தில் நின்று காத்திருந்தார். வயலின் வரவில்லை. கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஆயரும் பார்த்தார். நான் கீபோர்டில் புல்லாங்குழல் பொத்தானை அழுத்தி அந்த இடத்தை ஒப்பேற்றினேன். கேவலமாக இருந்தது. ஃபாதரின் காது மடல் சிவந்துபோனதை நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை தனியாகக் கோயிலுக்குப் போனேன். கீபோர்டைப் போட்டு, அந்த இடத்தைத் திறந்து பார்த்தேன். நானூற்று நாற்பத்தாறு. அவளுடைய கவையில் நானூற்று நாற்பது. வித்தியாசம் ஆறு. ஆறு அலை என்று சொல்லியிருந்தாள். ஐந்தும் இல்லை, ஏழும் இல்லை.  பொத்தானை ஆறு தடவை அழுத்தி இறக்கினேன். யாரும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஃபாதர் கூப்பிட்டு அனுப்பினார். அவளுக்கான கடிதம் அச்சடித்து மேசைமேல் கிடந்தது. கையெழுத்து மட்டும் இல்லை.

"நீதானே பக்கத்துல இருந்த. என்னா நடந்திச்சுன்னு சொல்லு. எனக்குக் கோபம் இருக்கு, அதுக்காக ஒரு பிள்ளையோட வேலையக் கெடுக்கக் கூடாது. அவ மேலதான் தப்பா? இல்ல, வேற ஏதாச்சுமா?"

இப்படி நேராக, இவ்வளவு சுலபமாக, உண்மையைச் சொல்ல ஒரு மனிதனுக்கு வாய்ப்புக் கிடைப்பது அபூர்வம். ஃபாதர், தப்பு பெட்டி மேல், பெட்டியில் கை வைத்தது நான் என்று ஒரு வரி சொன்னால் முடிந்தது. அந்த வரி நாக்கு வரைக்கும் வந்தது. கூடவே மச்சானின் முகம் வந்தது, பின்வரிசைச் சிரிப்பு வந்தது, லயத்துப் பிள்ளையிடம் கிளாக்கர் தோற்றான் என்ற பேச்சும் வந்தது.

"அவளுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி ஃபாதர். நான் தந்தியை ஏத்தச் சொன்னேன். ஏத்தல" என்றேன்.

ஒவ்வொரு சொல்லும் உண்மை. கிட்டத்தட்ட உண்மை.

ஃபாதர் அந்தக் கடிதத்தை இரண்டாக மடித்து இழுப்பறைக்குள் போட்டார். வேறொன்று எழுதினார். இவள் இந்தப் பங்கில் ஞானஸ்நானம் பெற்றவள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. மடத்தில் அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு, பார்த்துச் சொல்கிறோம் என்றார்களாம். இரண்டு மாதம் கழித்துப் பதுளையிலிருந்து ஒரு பெண் அந்த வேலைக்கு வந்து சேர்ந்தாள்.

அதற்குப் பிறகுதான் அவளைப் பார்க்கப் போனேன். கொழும்பில் ஒரு சேலைக் கடையில் வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டு, கொட்டகலை ஸ்டேசனுக்குப் போனேன். உண்மையைச் சொன்னாலும் இனி எதுவும் மாறப்போவதில்லை என்று உறுதியான நாளில் போய் நின்றேன். ஒரு பயணப் பையோடு மேடையிலிருந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். வயலின் இல்லை. எங்கே என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

"அன்னிக்கி நீ சொன்னதுதான் சரி. பெட்டி ஏறித்தான் இருந்திச்சு. நான்தான் ஏத்தி வச்சிட்டு மறந்துட்டேன். பொறகுதான் பாத்தேன்" என்றேன்.

"தெரியும்ணே."

"ஏறி இருந்திச்சுன்னு ஒனக்குத் தெரியும். நான் சொல்றது..."

"நீங்க பாத்துட்டீங்கன்னும் தெரியும்." தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "திருவிழாவுக்கு அடுத்த ஞாயித்துக்கெழம நான் பூசைக்கு உள்ள வரல. வெளிய மாதா செலை இருக்கிற கெபிகிட்ட நின்னேன். மொதப் பாட்டு ஆரம்பிச்சீங்க. பெட்டி எறங்கி இருந்திச்சு. சரியா எறங்கி இருந்திச்சு. நீங்கதான் எறக்கியிருப்பீங்க, வேற யாரயும் அதத் தொட விடமாட்டீங்களே. அப்ப ஃபாதர்கிட்ட சொல்லிருவீங்கன்னு நெனச்சேன். அம்மாகிட்டயும் சொன்னேன், கவலப்படாதம்மா, கடுதாசி வந்துரும்னு. ரெண்டு மாசம் பாத்தேண்ணே."

 அப்போதும் என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "நீயே ஃபாதர்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னேன். கிளாக்கர்கிட்டக் கேட்டுட்டேன்மா, அவரு பொய் சொல்லமாட்டாருன்னாரு."

ரயில் வரும் சத்தம் கேட்டது. நான் அவசர அவசரமாக, இப்போதே போய் ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டினாள்.

"வேணாம்ணே. இப்ப சொன்னா எனக்கு ஒன்னும் ஆகப்போறதில்ல. ஒங்களுக்குத்தான் மனசு லேசாகும்."

ஏறிப் போய்விட்டாள்.

அந்த ஃபாதர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. நான் சொல்லவில்லை. வேண்டாமென்று அவள்தானே சொன்னாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இந்த வருடத் திருவிழாவில் பாடகர் குழுவை இத்தனை காலம் நடத்தியதற்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் எழுந்து நின்று வாங்கிக்கொண்டேன்.